தி அலார்ம்: யூ2-வின் நகலா? பங்க் எங்கே?

கேள்வி, 2 மே 2025

தி அலார்ம் என்ற வேல்ஸ் ராக் பேண்டின் பாடகர் மைக் பீட்டர்ஸ் இறந்துவிட்டார் என்றதும் எல்லாரும் "பங்க் போராளி" என்று எழுதித் தள்ளுகிறார்கள். நான் கேட்டவரை தி அலார்ம் என்பது யூ2-வைப் பார்த்து எழுதிய எண்பதுகளின் பேண்ட். வானம் பார்த்த தலைமுடி, கூட்டமாகக் கத்துகிற கோரஸ், எழுந்து நில், அணிவகு என்று ஒரே முழக்கம். இதில் எழுபதுகளின் அந்த முரட்டு, கலக ராக்கான பங்க் எங்கே இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2 மே 2025, இரவு

நகல் என்ற புகார் 1983-லேயே வந்துவிட்டது. லண்டன் இசைப் பத்திரிகைகள் அதை அலுக்காமல் எழுதின. 'வார்' ஆல்பத்துக்காக யூ2 அமெரிக்காவைச் சுற்றியபோது, அவர்களுக்கு முன்னால் மேடையேறி வாசித்தது தி அலார்ம். அந்த ஒட்டு பிறகு போகவே இல்லை.

பங்க் எங்கே என்றால், பிறப்பிலேயே. 1976-ல் லண்டன் பங்க் பேண்ட் செக்ஸ் பிஸ்டல்ஸ் வேல்ஸ் எல்லையை ஒட்டிய செஸ்டர் நகரத்தில் வாசித்தபோது கூட்டத்தில் நின்றவர்களில் மைக் பீட்டர்ஸும் ஒருவர். வயது 17. அடுத்த வருடமே வேல்ஸின் ரில் ஊரில் அவருக்கு ஒரு பங்க் பேண்ட் இருந்தது. பெயர் தி டாய்லெட்ஸ். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு வேறு எந்த இசையும் வாசிக்க முடியாது. டிரம்ஸில் இருந்தவர்தான் பின்னால் தி அலார்மின் நைஜல் ட்விஸ்ட்.

மீதி நாளை. தூக்கம் வருகிறது.

3 மே 2025, காலை

இடையில் ஒருவர் "வேல்ஸ் என்றால் நிலக்கரிச் சுரங்க ஊர்தானே, மேனிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ் மாதிரி" என்று எழுதியிருக்கிறார். இல்லை. மேனிக்ஸ் பேண்ட் தெற்கு வேல்ஸ், பிளாக்வுட் பக்கம், சுரங்கப் பள்ளத்தாக்கு. ரில் வடக்குக் கடற்கரை. லிவர்பூல், மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பங்கள் கோடை விடுமுறைக்கு வந்துபோன ஊர். கண்காட்சி ராட்டினம், ஐஸ்கிரீம், சூதாட்ட இயந்திரங்கள். செப்டம்பர் தாண்டினால் ஈ ஓட்ட வேண்டியதுதான். கார்டிஃப் போவதைவிட லிவர்பூல் போவது அங்கே எளிது. அதனால் அந்தப் பையன்களுக்கு வேல்ஸ் தலைநகரம் ஒரு பொருட்டே இல்லை. இசை வேண்டுமென்றால் கிழக்கே போக வேண்டும்.

நான் வேலை நிமித்தம் செஸ்டர் பக்கம் குடியேறிய பிறகுதான் இதெல்லாம் எனக்கு விளங்கியது. அதுவரை வரைபடத்தில் வேல்ஸ் என்பது இங்கிலாந்தின் இடுப்பில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான்.

3 மே 2025, மதியம்

பெயர்க்கதையை விட்டுவிட்டேனே. டாய்லெட்ஸ் உடைந்த பிறகு செவன்டீன் என்று ஒரு பேண்ட். கோட்டு, டை, மாட் என்ற அறுபதுகளின் பாணி. பேஸ் வாசிக்கிற எடி மெக்டொனால்ட், கிட்டார்காரர் டேவ் ஷார்ப் இருவரும் இங்கேதான் சேர்கிறார்கள். 1980-ல் ஒரு சிங்கிள் (ஒற்றைப் பாட்டுத் தட்டு) போட்டார்கள், ஸ்ட்ரே கேட்ஸ் பேண்டோடு ஒரு சுற்று வந்தார்கள். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பிறகு டாய்லெட்ஸ் காலத்துப் பாட்டு ஒன்றின் தலைப்பை எடுத்து "அலார்ம் அலார்ம்" என்று வைத்துக்கொண்டார்கள். டுரான் டுரான், டாக் டாக், இப்போது அலார்ம் அலார்ம், இனி நானும் ஜான் பீல் ஜான் பீல் என்று வைத்துக்கொள்ளலாம் போல என்று பிபிசி வானொலியின் ஜான் பீல் கிண்டலடித்தார். ஒரு அலார்ம் போய்விட்டது.

தி அலார்ம் என்ற பெயரில் முதல் நிகழ்ச்சி 1981 ஜூன் 6, பிரெஸ்டாட்டினில் ஒரு விடுதி. செப்டம்பரில் மூட்டை கட்டிக்கொண்டு லண்டன். அங்கே போய் முதலில் செய்த காரியம், சொந்தச் செலவில் 'அன்சேஃப் பில்டிங்' என்ற சிங்கிளை ஆயிரம் பிரதி அடித்தது. ஐ.ஆர்.எஸ். இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் போட்டதெல்லாம் அடுத்த வருடம். கேள்வி கேட்டவர் இதைக் கவனிக்க வேண்டும். 1981-ல் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் தாங்களே தட்டு அடித்து, தாங்களே சுமந்துபோய்க் கடைகளில் கொடுப்பதுதான் பங்க் கற்றுக்கொடுத்த தொழில். சத்தம் அதற்குப் பிறகு.

4 மே 2025

சத்தத்துக்கு வருகிறேன். எனக்கு இந்த பேண்டில் பிடித்த முதல் விஷயம் கொள்கை இல்லை, கிட்டார்.

அவர்கள் தொடக்கத்தில் வாசித்தது அகூஸ்டிக் கிட்டார். மரப்பெட்டி, நடுவில் ஓட்டை, நாட்டுப்புறப் பாடகர் கையில் இருப்பது. அதற்குள் பிக்கப் (அதிர்வை மின்சாரமாக்கும் கருவி) வைத்து, எலெக்ட்ரிக் கிட்டாருக்கான ஆம்பில் (ஒலிபெருக்கியில்) சொருகி, முழுச் சத்தத்தில் திறந்துவிட்டார்கள். பீட்டர்ஸ் கூடவே ஹார்மோனிகாவும் ஊதுவார். 1981 லண்டனில் எல்லாரும் சிந்தசைசர் வாங்கிக்கொண்டிருந்த நேரம் இது.

இது எவ்வளவு கிறுக்குத்தனம் என்று கேட்டால் தெரியாது, செய்துபார்த்தால்தான் தெரியும். அகூஸ்டிக் கிட்டாரின் பெட்டி ஆம்பிலிருந்து வரும் சத்தத்துக்குத் தானும் அதிரும். அந்த அதிர்வைப் பிக்கப் மறுபடி ஆம்புக்கு அனுப்பும். ஆம்ப் இன்னும் உரக்கக் கத்தும். சில நொடிகளில் ஊளை. என் வீட்டில் நான் இதைச் செய்தபோது கீழ்வீட்டுக்காரர் தீ எச்சரிக்கை மணி என்று நினைத்துப் படியேறி வந்துவிட்டார். ஓட்டைக்குள் பழைய துணியை அடைத்தேன். ஊளை குறைந்தது, கூடவே கிட்டாரின் உயிரும் போனது. கிட்டாரை ஆம்பைப் பார்க்காமல் திருப்பிப் பிடித்தால் கொஞ்சம் அடங்கும். ஆனால் மேடையில் குதிக்கிறவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று யாருக்குத் தெரியும்.

ஆக, அடங்காத ஒரு கருவியை வைத்துக்கொண்டு வேகமாக, முரட்டுத்தனமாக, கம்பி அறுகிற மாதிரி அடிப்பது. மூன்றே கார்டு, அதாவது மூன்றே சுரக்கூட்டு. 'மார்ச்சிங் ஆன்' அல்லது 'தி ஸ்டாண்ட்' கேட்டால் வலது கை மட்டும்தான் கேட்கும். கிட்டார்காரர் எட்ஜ் யூ2-வில் செய்ததற்கு நேர் எதிர் இது. எட்ஜ் எதிரொலிப் பெட்டி வைத்து ஒரு சுரத்தை நாலாக்குவார், கை அதிகம் அசையாது. காதை வைத்துக் கேட்டால் இரண்டு கிட்டாரும் ஒரே குடும்பம் இல்லை.

4 மே 2025, சற்று நேரம் கழித்து

தலைமுடி பற்றி ஏன் பேசவில்லை என்று ஒருவர் கேட்கிறார். பேச என்ன இருக்கிறது. நாலு பேருக்கும் சேர்த்து ஒரு ஸ்ப்ரே தொழிற்சாலை தேவைப்பட்டிருக்கும். பீட்டர்ஸே பின்னாளில் அதைச் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டார்.

6 மே 2025

இரண்டு நாளாக 'டிக்ளரேஷன்' ஆல்பத்தை மறுபடி கேட்டேன். 1984 பிப்ரவரி, பிரிட்டனில் 6-ஆம் இடம் வரை போனது. அதற்கு முந்தைய வருடம் '68 கன்ஸ்' சிங்கிள் 17-ஆம் இடம். இவர்களுடைய மிகப் பெரிய பாட்டு அதுதான்.

மேலே நான் கிட்டாரைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. குறை இசையில் இல்லை, சொல்லில். புயல், நெருப்பு, அணிவகுப்பு, எழுச்சி, துப்பாக்கி. எந்தப் புயல், எங்கே நெருப்பு, யார் யாரைச் சுட்டது? தெரியாது. கோஷத்துக்கு ஆள் சேர்ந்துவிட்டது, எதற்குக் கோஷம் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. லண்டன் பங்க் பேண்ட் கிளாஷ் இப்படி எழுதியிருக்கமாட்டார்கள். அவர்கள் தெருப்பெயரைச் சொல்வார்கள், எந்த மேம்பாலம் என்று சொல்வார்கள். யூ2 கூட 'வார்' ஆல்பத்தில் அயர்லாந்தின் ஒரு குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பாடினார்கள்.

17 வயதில் கேட்டிருந்தால் எனக்கு இது குறையாகவே பட்டிருக்காது. அந்த வயதில் எதிர்க்க ஏதாவது இருந்தால் போதும், என்ன என்பது அப்புறம். நான் கேட்டது முப்பது தாண்டிய பிறகு, செஸ்டரில் ஒரு பழைய தட்டுக்கடையில் வாங்கி. அட்டையின் மூலை நைந்திருந்தது. முந்தைய சொந்தக்காரர் யாரோ பின்பக்கத்தில் பேனாவால் தன் பெயரை எழுதி, பிறகு அடித்திருந்தார்.

7 மே 2025

நேற்று எழுதியது பாதிதான். 1985-ல் வந்த 'ஸ்ட்ரெங்த்' ஆல்பத்தில் இந்தக் குறை சரியாகிறது. முழுசாக இல்லை, இரண்டு பாட்டில்.

ஒன்று, 'ஸ்பிரிட் ஆஃப் 76'. பங்க் காலத்து நண்பர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று நினைத்துப் பார்க்கிற பாட்டு. ஆல்பத்தில் ஏழு நிமிடம் ஓடும். முதல் ஆல்பத்தின் அவசரம் இதில் இல்லை. மெதுவாகத் தொடங்கி, ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. பிஸ்டல்ஸைப் பார்த்த அந்த வருடத்துக்கு ஒன்பது வருடம் கழித்து, 26 வயதுக்காரர் எழுதின நினைவஞ்சலி. 26 வயதில் என்ன பெரிய கடந்தகாலம் என்று கேட்கலாம். பங்க்கில் ஒன்பது வருடம் என்பது ஒரு முழு ஆயுள்.

இரண்டாவது 'டீசைட்'. இதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

செஸ்டரிலிருந்து ரில்லுக்கு ரயிலில் போனால் சிறிது நேரத்தில் ஷாட்டன் வரும். வலது பக்கம் டீ ஆற்றின் கழிமுகம், சேறு, பறவைகள். ஆற்றுக்கு அப்பால் நீளநீளமான தகரக் கொட்டகைகள். அதுதான் ஷாட்டன் உருக்காலை. 1980-ல் அங்கே ஒரே அடியில் 6,500 பேருக்கு வேலை போனது. மேற்கு ஐரோப்பாவில் ஒரே ஆலையில் ஒரே நாளில் இத்தனை பேரை அனுப்பியது அதற்கு முன் நடந்ததில்லை என்று இன்றும் சொல்வார்கள். அந்தக் கரையோரத்தில் ஆலையோடு தொடர்பில்லாத குடும்பம் குறைவு. ரில்லுக்கு விடுமுறைக்கு வந்து காசு செலவழித்தவர்களும் இப்படிப்பட்ட ஆலைக் குடும்பங்கள்தானே. ஆலை மூடினால் ராட்டினமும் நிற்கும்.

'டீசைட்' அந்த ஆற்றங்கரைப் பாட்டு. எந்தப் புயல் என்று நேற்றுக் கேட்டேனே, இதோ புயலுக்கு முகவரி கிடைத்துவிட்டது. என்னோடு வேலை செய்த ஒருவரின் அப்பா அந்த 6,500 பேரில் ஒருவர். அவரிடம் இந்தப் பாட்டைப் பற்றிக் கேட்டேன். "அப்பாவுக்கு அந்த பேண்டைப் பிடிக்காது, ரொம்பச் சத்தம்" என்றார். விஷயம் முடிந்தது.

7 மே 2025, இரவு

"அப்படியென்றால் இவர்கள் இடதுசாரி பேண்டா?" மேனிக்ஸ் அளவுக்கு இல்லை. மேனிக்ஸ் புத்தகம் படித்துவிட்டு வந்தவர்கள், மேற்கோள் இல்லாமல் வாய் திறக்கமாட்டார்கள். அலார்ம் ஊர்ப்பாசம் உள்ள ஆட்கள். எனக்கு இரண்டுமே வேண்டும், ஆனால் காரில் போகும்போது அலார்ம்தான்.

10 மே 2025

1986 முதல் 91 வரை வேகமாக ஓட்டிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பகுதி எனக்கே கொஞ்சம் சலிப்பு.

1986 ஏப்ரல் 12, லாஸ் ஏஞ்சலிஸ், யூசிஎல்ஏ வளாகத்தில் இலவச நிகழ்ச்சி. 26,000 பேர். எம்டிவி செயற்கைக்கோள் வழியாக நேரடியாக ஒளிபரப்பியது. அன்றைக்கு இவர்கள் அடுத்த யூ2 ஆகிவிடுவார்கள் என்று நினைக்காதவர் குறைவு. ஆகவில்லை. 1987-ல் 'ஐ ஆஃப் த ஹரிகேன்', அதில் 'ரெயின் இன் த சம்மர்டைம்', 18-ஆம் இடம். பளபளப்பான தயாரிப்பு, பாப் வாசனை. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும், வெட்கமில்லாமல் சொல்கிறேன். 1988 கோடையில் பாப் டிலனுக்கு முன்னால் அமெரிக்கா முழுக்க வாசித்தார்கள். மறுபடி இன்னொருவருக்கு முன்னால்!

1989-ல் 'சேஞ்ச்'. தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி, டேவிட் போவியோடு வேலை செய்தவர். இங்கேதான் எனக்குச் சுவாரசியம் திரும்புகிறது. அதே ஆல்பத்தை வெல்ஷ் மொழியில் மறுபடி பாடி 'நியூவிட்' என்று வெளியிட்டார்கள். பீட்டர்ஸ் வெல்ஷ் பேசி வளர்ந்தவர் இல்லை. அமெரிக்கச் சந்தையில் கால் ஊன்றப் பார்க்கிற ஒரு பேண்ட், அப்போது சுமார் ஐந்து லட்சம் பேர் பேசிய மொழியில் ஒரு முழு ஆல்பத்தைத் திரும்பப் பாடினால் கணக்கப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொள்வார். 'எ நியூ சவுத் வேல்ஸ்' பாட்டுக்கு மோரிஸ்டன் ஆர்ஃபியஸ் ஆண்கள் பாடகர் குழுவைச் சேர்த்துக்கொண்டார்கள். சுரங்கமும் உருக்கும் போன பிறகான தெற்கு வேல்ஸ் அதன் பொருள். அந்தக் கூட்டுக்குரல் எழும்பும் இடத்தில் கிட்டார்காரர்கள் ஒதுங்கி நிற்பது நல்ல முடிவு. நான் முதலில் இதை மிகையான நாடகம் என்று ஒதுக்கினேன். வேல்ஸில் ஒரு ரக்பி ஆட்டத்தில் கூட்டம் பாடுவதைக் கேட்ட பிறகு கருத்து மாறியது. இது அங்கே நாடகமில்லை, சனிக்கிழமை.

1991 'ரா'. அதற்கும் வெல்ஷ் பதிப்பு உண்டு. ஜூன் 30, லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமி. மேடையிலேயே, கூட்டத்துக்கு முன்னால், தான் விலகுவதாகப் பீட்டர்ஸ் அறிவித்துவிட்டார். அவ்வளவுதான், பேண்ட் முடிந்தது.

11 மே 2025

நேற்றைய கடைசிப் பத்திக்கு ஒரு மறுயோசனை. மேடையில் அறிவிப்பது ரசிகர்களுக்கு நேர்மையாகத் தெரியலாம். அதே மேடையில் இருக்கிற மற்ற மூவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? கல்லூரி நாட்களில் நானும் ஒரு பேண்டில் இருந்தேன். எங்கள் பாடகர் விலகியது மூன்றாம் ஆள் வழியாகத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. எது மேல் என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

15 மே 2025

"அந்தப் பொய்ப்பெயர் மோசடி தொண்ணூறுகளில்தானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை, 2004. மோசடி என்ற சொல்லும் கொஞ்சம் கடுமை. இந்த இழையின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது, ஆகவே முழுசாகச் சொல்கிறேன்.

2000 வாக்கில் பீட்டர்ஸ் அலார்ம் பெயரை மறுபடி தூக்கினார், புது ஆட்களோடு. வலைத்தளம் வழியாக ரசிகர்களுக்கு நேராக விற்பனை, ஒரே தொகுப்புக்கு ஐந்து குறுந்தகடு என்று எழுதிக் குவித்தார். அதில் ஒரு பாட்டு '45 ஆர்பிஎம்'. இரண்டரை நிமிடத்துக்கு ஒட்டி, அடித்துப் பறக்கிற பங்க் பாட்டு. ஆனால் தி அலார்ம் என்று உறையில் போட்டால் வானொலி நிலையத்தில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். கேட்பதற்கு முன்பே தலைமுடி ஞாபகம் வரும், தட்டு குப்பைக்கூடைக்குப் போகும்.

அதனால் 'தி பாப்பி ஃபீல்ட்ஸ்' என்று இல்லாத ஒரு பேண்டின் பெயரில் வெளியிட்டார். வீடியோவில் வாயசைக்க செஸ்டரிலிருந்து வேரைடர்ஸ் என்ற பதின்பருவப் பையன்களின் பேண்டைப் பிடித்தார். பையன்கள் அழகாகக் குதித்தார்கள். குரல் 44 வயதுக்காரருடையது. பிரிட்டிஷ் தரவரிசையில் 28-ஆம் இடம். பிறகு உண்மையை உடைத்தார். உலகம் முழுக்கச் செய்தி.

28 ஒன்றும் பிரமாதமான இடமில்லை என்று சொல்லப்போகிறவர்களுக்கு: 1987-க்குப் பிறகு இவர்களுடைய எந்த சிங்கிளும் அவ்வளவு மேலே போகவில்லை. சொந்தப் பெயரைக் கழற்றி வைத்தபோதுதான் அது கிடைத்தது.

இதைப் பின்னால் 'வைனல்' என்று ஒரு படமாகவும் எடுத்தார்கள், சாரா சுகர்மன் இயக்கம், ஃபில் டேனியல்ஸ் நடித்தார், ரில்லிலேயே படப்பிடிப்பு. படம் சுமார். நிஜம் அதைவிட நன்றாக இருந்தது.

15 மே 2025, இரவு

ஒன்று விட்டுப்போனது. டெட் மென் வாக்கிங் என்று பழைய பங்க் ஆட்கள் அகூஸ்டிக் கிட்டாரோடு ஊர் ஊராகச் சுற்றிய ஒரு கூட்டணி உண்டு. பீட்டர்ஸ், கிர்க் பிராண்டன், பீட் வைலி, கூடவே கிளென் மேட்லாக். 1976-ல் செக்ஸ் பிஸ்டல்ஸில் பேஸ் வாசித்த அதே மேட்லாக். செஸ்டரில் கீழே நின்று பார்த்த பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

18 மே 2025

"பீட்டர்ஸ் ஒருவர் மட்டும் இருந்தால் அது அலார்மா?" நல்ல சண்டைக்கான கேள்வி.

பழைய நால்வரும் 2003-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஒரே ஒரு இரவு ஒன்றாக வாசித்தார்கள். அதோடு சரி. மற்றபடி பீட்டர்ஸின் பேண்ட் 'தி அலார்ம் எம்எம்++' என்று வால் ஒட்டிய பெயரில் ஓடியது, பிறகு வால் மெல்ல உதிர்ந்தது. கிட்டாரில் செல்சி என்ற பங்க் பேண்டின் ஜேம்ஸ் ஸ்டீவன்சன், டிரம்ஸில் இன்னொரு பங்க் பேண்டான ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸின் ஸ்டீவ் கிராண்ட்லி, பேஸில் சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சியில் இருந்த கிரெய்க் ஆடம்ஸ். அதாவது இரண்டாம் அலார்மில் முதல் அலார்மைவிடப் பங்க் வம்சாவளி அதிகம்! கேட்பதற்கும் தடித்த சத்தம்.

என் கருத்து? டேவ் ஷார்ப்பின் கிட்டார் இல்லாத '68 கன்ஸ்' எனக்கு அரைக்கிணறுதான். ஆனால் புதிய பாட்டுகளை அந்தப் புது ஆட்கள் வாசித்துக் கேட்பதில் எந்தக் குறையும் இல்லை. இரண்டு பேண்ட், ஒரு பெயர், ஒரு குரல். இடையில் பீட்டர்ஸ் சில வருடம் பிக் கன்ட்ரி என்ற பேண்டிலும் பாடினார், அதன் பழைய பாடகர் ஸ்டூவர்ட் ஆடம்சனின் இடத்தில். அங்கும் இதே சண்டை நடந்தது.

24 மே 2025

நோய் பற்றி எழுதாமல் தவிர்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சலிக் கட்டுரைகள் எல்லாம் அதில்தான் தொடங்குகின்றன, பாட்டு ஓரத்துக்குப் போய்விடுகிறது. ஆனாலும் விட முடியாது.

1995-ல் நிணநீர்ப் புற்றுநோய். 2005-ல் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். 2007-ல் ஜேம்ஸ் சிப்பென்டேலோடு சேர்ந்து 'லவ் ஹோப் ஸ்ட்ரெங்த்' என்ற அறக்கட்டளை. அதே அக்டோபரில் கிட்டாரைச் சுமந்துகொண்டு எவரெஸ்ட் அடிவார முகாம் பக்கம் நடந்துபோய், 18,000 அடிக்கு மேல் ஒரு கச்சேரி. கிளென் டில்ப்ரூக், ஸ்லிம் ஜிம் ஃபேன்டம் மாதிரி இசைக்காரர்கள் எல்லாம் உடன் போனார்கள். சமதரையில் மாடி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும்.

எவரெஸ்ட் செய்தியாகும், சரி. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது நிகழ்ச்சி அரங்கின் வாசலில் போட்ட சாதாரண மேசை. பியர் வாங்கப் போகிற வழியில் நிறுத்தி, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவி, எலும்பு மஜ்ஜை கொடையாளர் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். இப்படி இரண்டரை லட்சம் பேருக்கு மேல். ராக் நிகழ்ச்சிக்கு வருகிற கூட்டம் இளசு, திடகாத்திரம், ஒரே இடத்தில் நிற்கிறது. கொடையாளர் தேடுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்.

நானும் அப்படி ஒரு மேசையில் நின்றவன்தான். படிவத்தில் இனம் என்ற கட்டத்தைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. அங்கே இருந்த பெண் பொறுமையாக விளக்கினார். திசுப்பொருத்தம் பரம்பரையில் வருவது, ஒரே வம்சாவளிக்குள் கிடைக்க வாய்ப்பு அதிகம், பிரிட்டனின் பட்டியலில் தெற்காசியக் கொடையாளர்கள் குறைவு, அதனால் நம் ஆட்களுக்கு நோய் வந்தால் பொருத்தமானவர் கிடைப்பது கடினம். எரிச்சல் போய்விட்டது. ஊரில் இருப்பவர்களுக்கு: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தாத்ரி என்ற கொடையாளர் பதிவேடு 2009 முதல் இயங்குகிறது. அங்கும் கன்னத்தில் பஞ்சுக்குச்சிதான்.

2024-ல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குக் கிளம்பவிருந்த நேரத்தில் பீட்டர்ஸுக்கு அந்த ரத்தப் புற்றுநோய் வேகமான வேறொரு வகையாக மாறிவிட்டது. மான்செஸ்டர் கிறிஸ்டி மருத்துவமனையில் சிகிச்சை. 2025 ஏப்ரல் கடைசியில் போய்விட்டார். வயது 66.

25 மே 2025

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "சரி, பங்க் என்று ஒத்துக்கொள்கிறேன், ஆனால் நல்ல பங்க் இல்லை" என்று எழுதியிருக்கிறார். பிடிவாதக்காரர். நல்ல பங்க் என்று சொல்லி இசையை வடிகட்டுகிற வேலையைத்தான் லண்டன் பத்திரிகைகள் செய்தன. அவர்கள் கண்ணில் இந்த நால்வர் செய்த குற்றம் கிண்டல் இல்லாமல் பாடியது. எண்பதுகளின் விமர்சகருக்குக் குத்தல், சலிப்பு, கறுப்புக் கண்ணாடி வேண்டும். இவர்கள் மனப்பூர்வமாகக் கத்தினார்கள். எனக்கும் அது சில நேரம் கூச்சமாக இருக்கும், மறைக்கவில்லை. 'டிக்ளரேஷன்' பாதியைத் தாண்டும்போது கொஞ்சம் கிண்டல் இருந்தால் தேவலாம் என்று தோன்றும். ஆனால் மேடைக்குக் கீழே நிற்கும்போது தோன்றாது.

1 ஜூன் 2025

எங்கே தொடங்குவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தொகுப்புத் தட்டு வேண்டாம். முதலில் 'அன்சேஃப் பில்டிங்', பிறகு 'ஸ்ட்ரெங்த்' முழுசாக, பிறகு '45 ஆர்பிஎம்'. பிடித்திருந்தால் 'டிக்ளரேஷன்', பிடிக்காவிட்டாலும் '68 கன்ஸ்' மட்டும்.

பீட்டர்ஸ் 30 வருடம் கழித்து 'டிக்ளரேஷன்', 'ஸ்ட்ரெங்த்' இரண்டையும் மறுபடி பதிவுசெய்திருக்கிறார். வேகம் குறைவு, குரல் கீழே இறங்கியிருக்கும். ஒரிஜினலைக் கேட்டுவிட்டு அதற்குப் போங்கள், தலைகீழாகப் போனால் இரண்டுமே கெடும். அகூஸ்டிக் கிட்டாரில் பிக்கப் வைத்துப் பார்க்கிறேன் என்று ஒரு தம்பி தனியாகக் கேட்டிருந்தார். வையுங்கள். ஓட்டைக்கு ரப்பர் மூடி கடையில் கிடைக்கிறது, துணி அடைக்க வேண்டாம். ஆம்பைக் கீழ்வீட்டுக்காரரின் கூரைக்கு மேல் வைக்காதீர்கள்.